முனுசாமி அண்ணன் சாலையைக் கடந்த காலை

அன்பர்களே, ஒருவரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகள்மீதும் சத்தியம் செய்கிறேன்.

முந்தாநாள் ரேஷன் அரிசிக்கு நின்றிருந்தேன். மேல்மலையனூர் பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, "முனுசாமி அண்ணன் பூட்டாருப்பா" என்றார். வரிசையில் என் இடத்தை விட்டுவிட்டுச் சாவு வீட்டுக்கு நடந்தேன். நம் கூத்து ஜமாவில் முப்பது வருடம் அர்ஜுனனாக நின்றவர். அவர் வில்லை வளைத்தால் விழுப்புரத்தில் ரயில் நின்றுவிடும்.

அறுபது வயதில் முட்டி அவரைக் கைவிட்டது. ஜமா கூடி அர்ஜுனனை எனக்கும், குந்தியை அவருக்கும் கொடுத்தது. "உனுக்கு நான் ஆத்தாவாடா? உங்க ஜமாவே வேணாம், போ!" என்று சலங்கையை என் மடியில் எறிந்தார். ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் கோட்டை பார்க்க ஒரு ஜப்பான் நடிகர் வந்தார். வயது எண்பது என்றார்கள். இருநூறுக்கு ஒரு நாள் குறையாது. கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலில் கிழவி முகமூடி அணிந்து, ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நடந்தார். போய்ச் சேர்வதற்குள் எங்கள் புளிச்சோறு ஊசிப்போயிற்று, கோட்டையில் மூன்று ராஜவம்சங்கள் மாறின. அண்ணன் மட்டும் இமைக்கவில்லை. கூட வந்த மதராஸ் வாத்தியார் அந்த நடிகரின் பேச்சைத் தமிழில் சொன்னார்: "எங்கள் ஊரில் கிழவி வேஷம் கேட்டாலும் கிடைக்காது. ஐம்பது வருடம் ஆடியவருக்கே கொடுப்போம். பட்ட மரத்தில் ஒரு பூ தெரிய வேண்டும். இரண்டு அடிகளுக்கு நடுவில்தான் காலம் இருக்கிறது."

"அம்பது வருசமா? எனுக்கு முப்பதுதானே ஆவுது" என்றார் அண்ணன், கவலையோடு.

அமாவாசைக் காலையில் பஜாரில் பார்த்தால், அண்ணன் புடவை சுற்றிக்கொண்டு சாலையைக் கடக்கிறார். ஓர் அடி. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் ஓர் அடி. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் சிறப்பு பஸ்கள் நாற்பது, திண்டிவனம் வரை நின்றன.

"யோவ், இன்னா இது? நவுருய்யா!" என்று முதல் பஸ் டிரைவர் கத்தினார்.

அண்ணன் திரும்பவில்லை. பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பிவிட்டுக் குந்தி வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். வளைந்த முதுகுக்குள் அவளுடைய பதினாறு வயது லேசாக அசைந்தது. டிரைவர் எஞ்சினை நிறுத்தினார்.

இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும், ஒரு மாதமாகப் பேசாத மனிதர், என் கன்னத்தைத் தொட்டு, "சாப்டியா, கண்ணு?" என்றார்.

நாற்பது பஸ் பொய். ராஜவம்சம் பொய். ஜப்பான்காரர் நடந்தது பத்து நிமிஷம்கூட இருக்காது. அந்த ஒரு "சாப்டியா" மட்டும் நிஜம். அதை நான் வைத்துக்கொள்கிறேன். முந்தாநாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அண்ணே.