வெளுத்த பூவும் விளக்குப் பெட்டியும்

தன் கண் சரியாக இருக்கிறதா என்று ஒருவர் எதைக் கொண்டு சோதிப்பது? சோதிக்கவும் அதே கண்தானே வேண்டியிருக்கிறது. சாயப்பட்டறையில் பத்தொன்பது வருடம் நிறம் பார்த்தவளுக்கு இந்தக் கேள்வி ஒரு தொட்டிச் செடியால் வந்தது.

அவள் வேலையைச் சொல்லிவிடுவது எளிது. வாடிக்கையாளர் கொடுத்த மாதிரித் துண்டையும் அன்று சாயம் ஏறிய துணியையும் விளக்குப் பெட்டிக்குள் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இம்மியளவு வெளிறியிருந்தாலும் கட்டு முழுக்க மறுபடி சாயத்துக்குப் போகும். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், தனக்குக் கண்புரை வந்ததே தெரியாமல் பழுப்படித்த துணியையெல்லாம் வெள்ளை என்று ஆறு மாதம் அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது வாசலில் வண்டி எண் எழுதுகிறார். பட்டறையில் அவருக்குச் ‘சுத்த வெள்ளை’ என்று பட்டப்பெயர். அவர் எதிரே வந்தால் அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

செடியை வாங்கி வந்தது நாத்தனார், வளர்த்தது இவள். பால்கனியில் காலை வெயில் மட்டும் படும் மூலையாகப் பார்த்து வைத்தாள். குழாயின் உப்புத் தண்ணீரில் இலை மஞ்சளாகப் பழுத்தது. பிடித்து வைத்த மழைத் தண்ணீரை ஊற்றி, வடிகட்டிய தேயிலைச் சக்கையை மண்ணில் கலந்த பிறகுதான் தேறியது. ஏழாம் மாதம் ஒரே ஒரு மொட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை அது விரிந்தது. நல்ல அழுத்தமான ஊதா. தொழில் பழக்கத்தில் அந்த நிறத்தை மனதில் பதித்துக்கொண்டாள். திங்களன்று அது பாதியாக வெளிறியிருந்தது. செவ்வாயன்று வெள்ளை.

பூ வாடியிருந்தால் புரிந்துகொண்டிருப்பாள். இதழ் ஒன்றுகூடச் சுருங்கவில்லை. அவள் தொழிலில் நிறம் தானாக மாறுவதென்பது கிடையாது; மாறினால் யாரோ பிழை செய்திருக்கிறார்கள். பூ என்ன பிழை செய்யும்? அப்படியென்றால் கண்தான்.

வெளிப்படையாகக் கேட்கவும் பயம். பூ எப்படி இருக்கிறது என்று நாத்தனாரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தாள். ஜம்மென்று இருப்பதாகச் சொல்லிவிட்டு அவள் தலை வாரப் போய்விட்டாள். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

பட்டறையில் அந்தப் பயம் இன்னும் மோசம். பெட்டிக்குள் மாதிரியும் துணியும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஆனால் வெளுத்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல வெளுத்துத் தெரியாதா? செவ்வாயும் புதனும் அவள் துணியைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற சாய மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தாள். அவர் உதட்டைச் சுழித்தால் திருப்பினாள். சும்மா நின்றால் ‘சரி’ என்றாள். அப்படியே இருபத்திரண்டு கட்டுகள் போயின. வாசலைக் கடக்கும்போதெல்லாம், சுத்த வெள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுவதற்கு இடம் இருக்கிறதா என்று கண் அளந்தது.

வியாழன் காலை இன்னொரு மொட்டு விரிந்திருந்தது. வெள்ளைக்குப் பக்கத்திலேயே ஊதா. ஒருவேளை ஒரு கண் மட்டும் போயிற்றோ? இடக்கண்ணை மூடிப் பார்த்தாள், வலக்கண்ணை மூடிப் பார்த்தாள்.

“என்ன அண்ணி, பூவைப் பார்த்துக் கண்ணடிக்கிறீங்க? எங்க அண்ணன் காதுல விழுந்தா என்ன ஆகும்?” என்றாள் நாத்தனார் பின்னாலிருந்து.

இவள் சிரிக்கவில்லை. “இதுல எது என்ன நிறம், சொல்லு.”

“அது வெள்ளை, இது ஊதா. இதுவும் ரெண்டு நாள்ல வெளுத்துடும். செடி விக்கிறவர் சொல்லித்தானே குடுத்தாரு.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“ஊருக்கே நிறம் பார்த்துச் சொல்றவங்க நீங்க. உங்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா?”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மனம் கேட்காமல் சனிக்கிழமை கண் மருத்துவரிடமும் போனாள். கண்ணில் தூசிகூட இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரக் கடைசியில் மேலாளர் கூப்பிட்டார். “போன வாரம் போனதுல ஒரு கட்டுகூடத் திரும்பி வரலைம்மா. உங்க கண்ணுக்குத்தான் நன்றி சொல்லணும்” என்றார். அவள் கும்பிட்டுவிட்டு வந்தாள். பக்கத்தில் நின்ற மேஸ்திரி வழக்கம்போல உதட்டைச் சுழித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே துணி எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் நிறம் பார்க்கும் வேலையே இல்லாத மடிப்புப் பிரிவுக்குத் தன்னை மாற்றும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அந்த இருபத்திரண்டு கட்டுகளைப் பார்த்தது தன் கண் இல்லை என்ற காரணத்தை அதில் எழுதவில்லை. மேலாளர் கேட்டார், மேஸ்திரி கேட்டார், நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துளைத்தெடுத்தாள். திங்கட்கிழமை நேராகப் போய் மடிப்பு மேசையில் நின்றுகொண்டாள்.