எலி கடித்த ஒயர்

கருகிய துணி வாசனையும் எலுமிச்சம்பழ வாசனையும் ஒரே நேரத்தில் மூக்கில் ஏறினால், எனக்கு தாராவியில் எங்கள் சந்தும், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும், அப்பாவின் மோட்டார் சைக்கிளும்தான் நினைவுக்கு வரும். அறுபதுகளில் அது, எனக்கு ஒன்பது வயதிருக்கும்.

ராணுவத்தில் ஓடித் தேய்ந்து கழிக்கப்பட்ட வண்டி. சந்தே அதைப் "பட்பட்டி" என்றுதான் கூப்பிடும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்த நாள் முதல் தோல் பதனிடும் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று, கால்விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிப் போயிருந்த அப்பாவை அங்கிருந்து மீட்டது அந்த வண்டிதான். அம்மா முறுக்குச் சுடுவாள், அப்பா டின்களைப் பின்னால் கட்டிக்கொண்டு செம்பூர்க் கடைகளுக்குக் கொண்டுபோவார். அதுதான் எங்கள் பிழைப்பு.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் அந்த வண்டிக்குப் பேய் பிடித்துக்கொண்டது. செம்பூர் போகும் வழியில், சயானில் வலது பக்கம் ஒடித்துத் திரும்பும் இடம் வந்ததும், சொல்லிவைத்தாற்போல் செத்து நிற்கும். விளக்கும் எரியாது, ஹாரனும் அடிக்காது. ஓரமாகத் தள்ளி நேராக நிறுத்தி உதைத்தால், ஒன்றும் அறியாத பிள்ளைபோலக் கிளம்பும். அப்பா பாட்டரியை மாற்றினார், பிளக்கைக் கழற்றித் தேய்த்தார், மெக்கானிக் இக்னிஷன் காயிலையும் மாற்றிப் பார்த்துவிட்டான். வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்டு ஓட்டினாலோ ஒரு குறையும் இல்லை. "அந்தத் திருப்பத்துல என்னமோ இருக்கு" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. போதாதா? சனிக்கிழமைதோறும் திருஷ்டிக்காக அம்மா வண்டியில் கட்டும் "நிம்பு மிர்ச்சி", எலுமிச்சையும் பச்சை மிளகாயும், ஒன்றுக்கு இரண்டாயிற்று. நூலில் கட்டினால் சந்து ஆடுகள் இழுத்துத் தின்றுவிடுகின்றன என்று, டின் கட்டும் கம்பியால் விளக்குக்குக் கீழே இறுக்கி முறுக்கிவிடுவாள்.

அடுத்த சனிக்கிழமை, நட்டநடுத் திருப்பத்தில் நின்றுபோன வண்டியை ஒரு லாரி மயிரிழையில் உரசாமல் போயிற்று. டின்கள் ரோட்டில் உருண்டன. வீட்டுக்கு வந்த அப்பா கைகால்கூடக் கழுவவில்லை.

"பங்கார்வாலாவ திங்கக்கிழம வரச் சொல்லிட்டேன். பழைய இரும்புக்குப் போவட்டும். நான் கம்பெனிக்கே போயிருதேன்" என்றார்.

"அந்தத் தொட்டியில நீங்க இனி கால் வைக்கப்படாது" என்றாள் அம்மா. "என்ன கோளாறுன்னு தெரியாம இந்த வண்டியும் வாசலத் தாண்டப்படாது."

மறுநாள் காலையில் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். எனக்கானால் பயம், அம்மா அப்படி உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாள்.

"அந்த எடத்துல என்னெல்லாம் செய்விய? ஒண்ணு விடாமச் செஞ்சு காட்டுங்க."

அப்பா தலையிலடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். "கியர மாத்துவேன்." மாற்றினார். ஓடியது.

"பொறவு?"

"பிரேக்கப் பிடிப்பேன்." பிடித்தார். ஓடியது.

"பொறவு?"

"பொறவு என்னட்டி, திரும்புவேன்!" என்று எரிச்சலோடு ஹாண்டில்பாரை வலது பக்கம் ஒரேயடியாகத் திருப்பினார்.

வண்டி செத்தது. விளக்கின் தலையிலிருந்த கரண்டு காட்டும் மீட்டரின் முள் ஒரு பக்கமாகப் படுத்துவிட, கீழேயிருந்து இழை இழையாகப் புகை வந்தது. அப்பா அவசரமாகச் சாவியைத் திருப்பிக் கரண்டை நிறுத்தினார். அம்மா விளக்கிலிருந்து இறங்கும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். விரல் போய் நின்ற இடம் அவளுடைய முடிச்சு. கம்பி, ஒயரின் துணி உறையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. ஹாண்டில்பாரை வலது பக்கம் முழுக்கத் திருப்பும்போதெல்லாம் அது இழுபட்டு, கரண்டு எஞ்சினுக்குப் போகாமல் வண்டி இரும்பில் பாய்ந்திருக்கிறது.

"நாந்தானா?" என்றாள் அம்மா. அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

அப்பா கம்பியை வெட்டியெறிந்துவிட்டு, ஒயரில் கருப்பு டேப்பைச் சுற்றினார். அம்மா விடவில்லை, டின் வைக்கும் இடத்தில் ஏறி உட்கார்ந்து, "அந்தத் திருப்பத்த நான் பாக்கணும்" என்றாள். அதுவரை அவள் அதில் ஏறியதே கிடையாது. திரும்பி வரும்போது கொண்டை அவிழ்ந்து கிடக்க, சின்னப் பெண்போலச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன கோளாறுவே?" என்று அண்ணாச்சி வாசலிலேயே மறித்தார்.

"எலி அண்ணாச்சி. ஒயரக் கடிச்சிட்டு" என்றார் அப்பா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

திங்கட்கிழமை வந்த பங்கார்வாலா முறுக்கு வாங்கிக்கொண்டு போனான். எலுமிச்சையும் மிளகாயும் நூலுக்கு மாறி ஆடுகளுக்கே இரையாயின. அன்று முதல் எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், பூட்டுச் சாவி தொலைந்தாலும், "எலிதான்" என்பார் அப்பா. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தப் பட்பட்டி இப்போது இல்லை, சந்தும் இல்லை, அவர்கள் இருவரும் இல்லை. தாணேயில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் மிக்ஸி கருகிப்போனது. நீதான், நீங்கள்தான் என்று மகனுக்கும் மருமகளுக்கும் சாப்பாட்டு நேரம் வரைக்கும் சண்டை. பொறுக்க மாட்டாமல், "எலி கடிச்சிருக்கும்" என்றேன்.

"பதினோராவது மாடிக்கு எலி எப்படி வரும் அத்தே?" என்றாள் மருமகள்.

"வரணும் தாயி" என்றேன். "அது வராம நீங்க எப்படிக் குடும்பம் நடத்துவிய?"