குச்சியக்காவின் கேள்வி

கதவைத் திறந்து வருகிற பெண் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, மேசைமேல் இருக்கும் பிளாஸ்திரிச் சுருளை எடுத்து அவள் பக்கம் எறிவார் குச்சியக்கா. "பிடிம்மா!" திடுக்கிட்டுப் பிடிப்பாள். எந்தக் கை முந்தி நீள்கிறதோ அதுதான் வேலை செய்கிற கை. குச்சி மற்றக் கையில்.

"வாயால கேட்டா எல்லாரும் வலது கைன்னுதான் சொல்வாங்க. சின்ன வயசுல திட்டித் திட்டி மாத்தி வெச்சிருப்பாங்க. எறிஞ்சாத்தான் நிஜம் தெரியும்" என்பார். இருபது பேரில் ஒருத்திக்காவது இடது கை முந்தி வரும். வந்தவளே அதைப் பார்த்து வெட்கப்படுவாள்.

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் கடைசி அறை அவருடையது. ஒரு கட்டில், ஒரு மேசை, கை கழுவும் தொட்டி, எவ்வளவு இழுத்தாலும் பாதிக்கு மேல் மூடாத திரை. ஒன்பது ஆண்டுகளாக அங்கே பெண்களின் மேல்கையின் உட்புறத்தில், தோலுக்கு அடியில், தீக்குச்சி அளவே உள்ள ஒன்றைச் செலுத்தி வருகிறார். அதிலிருந்து கசியும் ஹார்மோன் மூன்று ஆண்டுகளுக்குக் கரு உண்டாகாமல் பார்த்துக்கொள்ளும். கதவில் அவருடைய பதவி நீளமாக எழுதியிருக்கிறது. யாரும் படிப்பதில்லை. குச்சியக்கா என்று விசாரித்து வருகிறவர்கள் ஒல்லியான ஒருத்தியைத் தேடிக்கொண்டு இரண்டு தடவை அவரையே கடந்து போவார்கள். "நான்தாம்மா அது. பேரு ஊர் வெச்சது, உடம்பு நான் வெச்சது" என்று சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போவார்.

அவர் கையிலும் ஒன்று இருக்கிறது. ஐந்தாவது. முதலாவதை வைத்துக்கொண்டபோது மடியில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகப் பிள்ளைகள்; செவிலியர் படிப்பு பாதியில் நின்றிருந்தது. படிப்பை முடித்தது, வேலைக்கு வந்தது, இந்த அறை கிடைத்தது எல்லாமே அந்தக் குச்சிக்குப் பிறகு நடந்தவை. லிஃப்ட் பழுது பார்க்கும் கணவர் அவ்வப்போது சொல்வார்: "என்னைவிட அது மேலதான் உனக்குப் பாசம்." குச்சியக்கா மறுப்பதில்லை. "அது சொன்ன தேதிக்குச் சரியா வேலை செய்யுது. நீங்க லிஃப்டையாவது சொன்ன தேதிக்கு ஓட்டியிருக்கீங்களா?"

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பெண்ணும் தனியாக இருந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் குச்சி உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. கூட வந்த கணவனோ மாமியாரோ அக்காவோ யாராக இருந்தாலும், அடையாள அட்டைக்கு நகல் வேண்டும் என்று கீழே அனுப்பிவிடுவார். நகல் கடை இரண்டு தெரு தள்ளி. போய்வரக் கால் மணி நேரம் ஆகும். அந்த நகல்களை யாரும் எங்கும் கேட்பதில்லை. மேசையின் கீழறை முழுக்க முன்பின் தெரியாத மாமியார்களின் முகங்கள். கூட்டம் குறைந்த நாளில் குச்சியக்கா அவற்றைப் புரட்டி, "இந்தம்மாவுக்குப் படி ஏறத் தெம்பிருந்துச்சு, திட்டவும் தெம்பிருந்துச்சு" என்று சிரிப்பார்.

ஆள் போனதும் திரையை இழுத்துவிட்டுக் கேட்பார்: "நீயாத்தான் கேக்கறியா?"

இந்த ஒரு கேள்விக்காகவே அவரை உயர்த்திச் சொல்கிறவர்கள் உண்டு. கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் கேட்கிறவருக்குப் பிடித்த பதிலே வந்துகொண்டிருக்கும்வரை ஒரு கேள்வியின் தரம் நமக்குத் தெரிவதில்லை. பிடிக்காத பதில் வரும்போதுதான் அது தெரியும்.

போன மாதம் ஒரு பெண் குச்சியை எடுக்கச் சொல்லி மூன்றாவது தடவையாக வந்தாள். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. மூன்று வயதில் ஒரு பிள்ளை. ஏழு மாதங்களுக்கு முன் குச்சியக்காவின் கையாலேயே வைத்துக்கொண்டவள். முந்தைய இரண்டு முறையும் தனியாக வந்திருந்தாள். மாதத்தில் இருபது நாள் ரத்தம். கொஞ்சமாகத்தான், ஆனால் நிற்பதில்லை. முதல் தடவை குச்சியக்கா, "உடம்பு பழகணும்மா, கொஞ்ச நாள் குடு" என்று மாத்திரை தந்தார். அடுத்த தடவை, "இவ்ளோ தூரம் வந்துட்டே, இன்னும் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ" என்று வேறு மாத்திரை தந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. பலருக்கு அப்படிச் சரியாகியிருக்கிறது.

இந்தத் தடவை கணவனும் கூட வந்திருந்தான். பார்த்த மாத்திரத்தில் குச்சியக்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அடுத்த பிள்ளைக்கு அவசரப்படுகிறான். இவள் வாயால் சொல்ல வைக்கிறான். எத்தனை பேரைப் பார்த்தாயிற்று!

"அடையாள அட்டைக்கு நகல் வேணும் தம்பி. கீழ போய்..."

"இருக்கு சிஸ்டர்." பையிலிருந்து ஒரு கற்றையை எடுத்தான். "குச்சி வைக்க வந்தப்ப ரெண்டு தடவை ஓட விட்டீங்க. அதான் பத்து எடுத்து வெச்சிருக்கேன். முன்பக்கம், பின்பக்கம், ரெண்டும்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குச்சியக்காவுக்கும் சிரிப்பு வந்தது. "சரி. அப்ப சும்மாவே வெளிய நில்லுங்க."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என் முட்டியாவது மிஞ்சியிருக்கும்" என்றபடி போனான்.

திரை விழுந்தது.

"இப்பச் சொல்லும்மா. எடுக்கச் சொன்னது அவரா?"

"இல்லக்கா."

"பயப்படாதே. இங்க பேசறது வெளிய போகாது."

"அவரு வெச்சுக்கத்தான் சொல்றாரு. எதுக்குக் கிடந்து அலையறேன்னு கேக்கறாரு."

"மாமியாரா?"

"அவங்களுக்குக் குச்சி இருக்கறதே தெரியாது."

"அப்புறம் யாரு?"

அவள் குச்சியக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "நான்தாங்க்கா."

குச்சியக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தன் சட்டைக் கையை மேலே சுருட்டினார். "இங்க பாரு, எனக்கு அஞ்சாவது. எனக்கும் ஆரம்பத்துல படுத்திச்சு. இன்னும் ரெண்டே மாசம்..."

"உங்களுக்கு ஒத்துக்கிச்சு. எனக்கு ஒத்துக்கல. ஷிஃப்டுக்கு ரெண்டு தடவைதான் மிஷினை விட்டு எந்திரிக்க முடியும். கறுப்பைத் தவிர வேற நிறம் உடுத்தி ஏழு மாசமாச்சு. போன வாரம் ஸ்டூலைத் துடைச்சுக்கிட்டே எந்திரிச்சேன். பின்வரிசைக்காரி பார்த்துட்டு, பார்க்காத மாதிரி தலையைத் திருப்பிக்கிட்டா. நல்ல பொண்ணுதான் அவ. அதனாலதான் எனக்கு அழுகையே வந்துச்சு."

"அடுத்த மாசம் நின்னுட்டா?"

"நிக்கலாம். நிக்காமலும் போகலாம்."

"எடுத்த கையோட கரு தங்கிட்டா?"

"அதுக்கு வேற வழி சொல்லுங்க. அன்னிக்கு அஞ்சாறு வழி படம் போட்டுக் காட்டினீங்களே. அவரு பங்குக்கும் அதுல ஒண்ணு இருந்துச்சு."

குச்சியக்கா எதையோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"வைக்க வந்தன்னிக்கு இதே மாதிரி அவரை அனுப்பிட்டு, நீயாத்தான் கேக்கறியான்னு கேட்டீங்க. ஆமான்னேன். ஒரே தடவைதான் சொன்னேன், நம்பிட்டீங்க. பத்து நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுது. இன்னிக்கும் அதே வாய்தாங்க்கா சொல்லுது. மூணாவது தடவையா சொல்லுது."

வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் மட்டும் கீச்சிட்டுக்கொண்டே தாழ்வாரத்தின் கோடிவரை போய் நின்றது. குச்சியக்கா தான் இதுவரை திருப்பி அனுப்பியவர்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கினாரா என்று சொல்ல முடியாது. கண் மட்டும் அந்தப் பெண்ணின் கையில், தான் வைத்த இடத்தில் நின்றது. "கொஞ்ச நாள் குடு" என்றபோது யாருடைய நாளை யாருக்குக் கொடுக்கச் சொன்னோம் என்பது அவருக்கு அப்போது உறைத்திருக்கலாம். முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. சுருட்டிய சட்டைக் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார்.

எழுந்துபோய்த் தொட்டியில் கை கழுவினார். விரல் இடுக்குகள், நகக்கண், மணிக்கட்டு என்று வழக்கம்போல நிதானமாகத்தான். அலமாரியைத் திறந்தார். குச்சியை எடுப்பதற்கான கருவிகள் கிருமி நீக்கி மூடிய உறைகளில் மேல்தட்டில் இருந்தன. உறை ஒருமுறை பிரிந்துவிட்டால் அன்றே பயன்படுத்தியாக வேண்டும். திரும்ப மூடி வைக்க முடியாது. அதனால் பேச்செல்லாம் பேசி, இனி பேச ஒன்றுமில்லை என்று தீர்ந்த பிறகுதான் அவர் அதைத் தொடுவது. தொட்ட பிறகும் கடைசியாக ஒருதடவை, "நல்லா யோசிச்சியா?" என்று கேட்பார்.

அந்தப் பெண் அதை எதிர்பார்த்து, பதிலையும் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குச்சியக்கா உறையின் ஓரத்தைப் பிடித்து, ஒன்றும் கேட்காமல், ஒரே இழுப்பில் கிழித்தார்.