நான் ஆமென் சொன்ன ஜெபம்

மத்தியானம் ஒரு மணிக்குக் குடும்ப ஜெபம் செய்கிற வீட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெளியே கண் கூசும் வெயில். உள்ளே அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு ஓடிவந்த இரண்டு பையன்கள் மூச்சு வாங்கியபடி கோரைப்பாயில் உட்காருவார்கள். இரண்டு வயதுப் பெண் குழந்தை தாயின் மடியில் இருக்கும். மேஸ்திரி தலை சீவி, காக்கிச் சட்டை போட்டு, வேலைக்குக் கிளம்பத் தயாராகக் கண்ணை மூடுவார். "ஆண்டவரே, ரெண்டாவது ஷிப்டுக்குப் பொறப்டுறேன்" என்று ஆரம்பிப்பார்.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் நான் கிளார்க். வேலையாட்கள் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கடிகார இயந்திரத்தில் தங்கள் அட்டையைச் செருகி நேரத்தை அடிப்பார்கள். அதற்குக் 'கார்டு அடிப்பது' என்று பெயர். அந்த அட்டைகளைச் சரிபார்ப்பது என் வேலை. மேஸ்திரி, மண் அச்சு செய்யும் மோல்டிங் பகுதிக்குப் பொறுப்பாளர். ஆரம்பாக்கம் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்த குடும்பம் அவருடையது. அவர் தொழிற்சாலைக்கு வந்து, மண் அச்சுகளில் இரும்புக் குழம்பு ஊற்றக் கற்றுக்கொண்டு, ஒரு மைல் தள்ளி ஓட்டு வீடும் கட்டிக்கொண்டவர். அவரும் மனைவியும் இரண்டு ஆண்டுகளாக எங்கள் சிறிய சபைக்கு வந்துகொண்டிருந்தார்கள். குடும்பம் முழுவதும் ஞானஸ்நானம் பெற விரும்பியது. மாதம் ஒருமுறை வரும் போதகர், அவர்களுக்குப் போதிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார். நான் திருவள்ளூரில் மிஷன் பள்ளி ஆசிரியரின் மகன், பி.ஏ. படித்தவன். இதைவிடத் தகுதியானவன் யார் என்று எனக்கும் தோன்றியது.

எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் மாலை ஏழு மணி. ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அப்பா ஓர் அதிகாரம் வாசிப்பார், நாங்கள் முறைவைத்து ஒரு வசனம் சொல்வோம், அப்பா ஜெபிப்பார். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி அதில் ஒரு மடிப்புக் கலையாது. மேஸ்திரி வீட்டிலோ ஜெபத்தின் நேரத்தைத் தொழிற்சாலைச் சங்குதான் தீர்மானித்தது. முதல் ஷிப்டு வாரத்தில் சாயங்காலம், இரண்டாவது ஷிப்டு வாரத்தில் மத்தியானம், மூன்றாவது ஷிப்டு வாரத்தில் விடிந்து அவர் வீடு வந்தபின். "எல்லாரும் ஒண்ணா குந்தணும் தம்பி. அவரு இல்லாத நேரத்துல இன்னா ஜெபம்?" என்பார் அவர் மனைவி. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். இரண்டாவது ஷிப்டு வாரங்களில் மதிய இடைவேளையில் சைக்கிளில் போய், ஜெபத்தில் உட்கார்ந்து, பாடம் சொல்லிக் கொடுத்து, அவர் கையால் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

மேஸ்திரியின் ஜெபம் எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. அவர் கடவுளிடம் எதையும் சுற்றி வளைக்கமாட்டார். "கிரேன் சங்கிலி தேஞ்சி கீது, சொன்னா எவனும் கேக்கல, நீயாவது புடிச்சுக்க." "மூணாம் நம்பர் அடுப்பாளுக்கு மாமியா தொல்ல, இன்னான்னு பாரு." "நேத்து பெரிய பையன அடிச்சிட்டேன். அடிச்சது சரிதான், ஆனா ரெண்டு அடி ஜாஸ்தி." பெரிய பையன் ஒரு கண்ணைத் திறந்து, "மூணு அடி நைனா" என்பான். "சரி, மூணு" என்று கடவுளிடமே திருத்திச் சொல்வார். ஷிப்டு ஆட்கள் அத்தனை பேரின் பெயரும் அதில் வரும். அவர்களில் பாதிப் பேர் எங்கள் மதமே இல்லை.

ஒருநாள் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். அப்பாவிடம் கற்ற நடையில், நல்ல தமிழில், பத்து நிமிடம் ஜெபித்தேன். கண்ணைத் திறந்தபோது குழந்தை தூங்கிவிட்டிருந்தது. சின்னப் பையனும் தூங்கிவிட்டிருந்தான். மறுநாள் கேன்டீனில் நான் நுழைவதைப் பார்க்காமல் மேஸ்திரி சொல்லிக்கொண்டிருந்தார்: "தங்கமான மனுசன்பா நம்ம சாரு. ஜெபம் பண்ணா மட்டும் நோட்டீஸ் போர்டு படிக்கிற மாரியே கீது." மேசையே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தபடி போய் உட்கார்ந்தேன். உள்ளே எரிந்தது.

அந்த வாரம் ஞானஸ்நானத்தின் பொருளைப் பாடமாக எடுத்தேன். தண்ணீரில் பழைய மனிதன் சாகிறான், புதிய மனிதன் எழுகிறான். அதன்பின் பொய்க்கு இடமில்லை. செய்த தப்பைக் கடவுளிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மேஸ்திரி மிகவும் கவனமாகக் கேட்டார். "எந்தத் தப்பையுமா சாரு?" என்றார். "எந்தத் தப்பையும்" என்றேன்.

மூன்றாம் நாள் மத்தியான ஜெபத்தில் அவர் குரல் கொஞ்சம் தணிந்து வந்தது. "ஆண்டவரே, நேத்து ஒரு பொய் பண்ணிட்டேன். ராத்திரி பத்து மணிக்கி நம்ம மோல்டர் கார்டை நான்தான் அடிச்சேன். அவன் நாலு மணிக்கே பூட்டான். பொண்டாட்டிக்கு வலி கண்டுகிச்சின்னு ஆளு வந்திச்சி, லீவும் மிச்சம் இல்ல, நான்தான் போடான்னு அனுப்பினேன். பொன்னேரி ஆஸ்பத்திரில பொண்ணு பொறந்து கீது, உனக்குத் தோத்திரம். பொய்யிக்கு மன்னிச்சுக்க. சாரு சொல்லிக் குடுத்தாரு, சொல்லிட்டேன்."

ஆமென் என்றோம். நானும் சொன்னேன். கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டேன். இரண்டாவது முறையும் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஆபீசுக்குத் திரும்பி, நாலு மணிக்குப் பர்சனல் ஆபீசரிடம் போய், நேற்று மோல்டரின் கார்டை மேஸ்திரி அடித்தார் என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். நம்பகமாகத் தெரியும் என்றேன்.

மறுநாள் மேஸ்திரிக்கு மெமோ. மோல்டருக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். மோல்டருக்கு அது தெரியாது. இரண்டாவது ஷிப்டுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு பொட்டலம் கற்கண்டோடு வந்தார். டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாக முதலில் எனக்குத்தான் கொடுத்தார். "பொண்ணு பொறந்து கீது சார், வாய இனிப்பு பண்ணிக்குங்க." வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அது கரைவதற்குள் காவல்காரர் அவரைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். பொட்டலத்தோடு அவர் திரும்பி நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

யார் சொன்னார்கள் என்று மேஸ்திரி யாரிடமும் விசாரிக்கவில்லை. அவருக்குத் தேவைப்படவில்லை. அடுத்த நாள் மத்தியானம் வழக்கம்போல் போனேன். போகாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற புத்திசாலித்தனம். பாய் விரித்திருந்தது. மேஸ்திரி கண்ணை மூடினார். "ஆண்டவரே, இப்ப நான் சொல்றத டைம் ஆபீசு சாரும் கேட்டுக்கினு கீறாரு. அதனால தெளிவா சொல்றேன், எழுதிக்க. நேத்து எல்லாரும் டயத்துக்கு வந்தாங்க. எல்லாரும் டயத்துக்குப் போனாங்க. கிரேன் நல்லா கீது. அடுப்பாளு மாமியா தங்கமான பொம்பள. என் பையன நான் அடிக்கவே இல்ல. ஆமென்." பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அக்கா சோறு போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "தம்பி, ஞானஸ்நானத்துல நம்ம பாப்பாவுக்கு நீங்க ஞானத்தகப்பனா நிக்கறதா சொல்லிக்கினு இருந்தோம். அது வாணாம்." மேஸ்திரி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நானும் கொஞ்சம் யோசிக்கணும் சாரு. ஞானஸ்நானம் எடுத்தா தெனமும் உள்ளத சொல்லணும்ன்றீங்க. உள்ளத சொன்னா மெமோ வருது. ஜெபத்துக்கு ஒரு காதுதான் கீதுன்னு நென்ச்சிக்கினு இருந்தேன்."

அன்றிலிருந்து அவர் வாய்விட்டு ஜெபிக்கவில்லை. கண்ணை மூடுவார், உதடு அசையும், அவ்வளவுதான். "சத்தமா சொல்லு நைனா" என்று சின்னவன் கெஞ்சினால், "ஆண்டவரு இன்னா செவுடா?" என்பார். போதகர் வருவதற்குப் பத்து நாள்தான் இருந்தது. ஒரு வீடு முழுக்க ஞானஸ்நானத் தண்ணீரை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது. வழியில் கல்லாகக் கிடந்தவன், வழி காட்ட வந்த நான்.

இரண்டு நாள் அதைச் சுமந்துவிட்டு, பர்சனல் ஆபீசரிடம் போனேன். அவர் திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கரியம் செய்யும் வைணவக் குடும்பம். நெற்றியில் மெல்லிய திருமண் கோடு இருக்கும். மேஸ்திரி கார்டு அடித்ததை அவர் வீட்டு ஜெபத்தில் கேட்டேன் என்று சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"ஜெபத்திலயா?"

"ஆமாம் சார்."

"ஏன்யா, எங்க ஊர்ல பெருமாள் முன்னாடி நின்னுண்டு ஒவ்வொருத்தனும் சொல்றதைக் காதில் வாங்கி நான் மெமோ குடுக்க ஆரம்பிச்சா, இந்தக் கம்பெனியில் ஒருத்தன் மிஞ்சுவானா? நானே மிஞ்சமாட்டேனே!" மெமோவின் நகலை எடுத்துக் கிழித்தார். "இப்போ நியாயப்படி உமக்குத்தான் மெமோ குடுக்கணும். காரணம்னு என்னத்தை எழுதறது? போம்."

மோல்டரை உடனே கூப்பிட ஆள் போனது. ஆனாலும் மூன்று நாள் போனது போனதுதான். அன்று கேன்டீனில், மோல்டிங் ஆட்கள் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மேசை முன் நின்று, சொன்னது நான்தான் என்றேன். கடமை என்று நினைத்துச் செய்தேன், தப்பு என்றேன். மோல்டர் கையை நீட்டினார். "அப்ப அந்தக் கல்கண்ட திருப்பிக் குடுங்க சார்." மேசை மறுபடியும் குலுங்கியது. "பேஜாரு வுடு சாரு, குந்து, டீ ஆறுது" என்றார் மேஸ்திரி. என்னை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்று நான் சொன்னதும் பொய்தான். கடமை என்று நினைத்து நான் அதைச் செய்யவில்லை. என் ஜெபத்தை நோட்டீஸ் போர்டு என்று சொல்லி மேஸ்திரி சிரித்ததற்காகச் செய்தேன். அந்த மனிதரின் ஜெபம் கடவுளுக்குக் கேட்கிறது, என்னுடையது கேட்கவில்லை என்று எனக்குள்ளேயே தெரிந்துபோனதற்காகச் செய்தேன். மேஸ்திரி இருந்தவரை இதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. ஞானஸ்நானத்தின் பொருளை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். உள்ளதை உள்ளபடி சொல்வதை மட்டும் எண்பது வயதுக்குத் தள்ளிப்போட்டுவிட்டேன்.

போதகர் வந்த ஞாயிறு காலை, எங்கள் சிறிய ஆலயத்தில் பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்திருந்தது. மேஸ்திரி குடும்பம் வருமா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடியும் நேரத்தில் வந்தார்கள். எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள், தலையில் எண்ணெய் வழிந்தது. மோல்டரும் பின்னால் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மேஸ்திரி குனிந்தபோது போதகர் மூன்று முறை தலையில் தண்ணீர் ஊற்றினார். எத்தனை குளித்தாலும் போகாத வார்ப்பட மண், தண்ணீரோடு ஒரு கறுப்புக் கோடாகக் காதுக்குப் பின்னாலிருந்து வழிந்து வெள்ளைச் சட்டைக் கழுத்தில் இறங்கியது. "நைனா அழுக்கு!" என்று சின்னவன் உரக்கச் சொன்னான். போதகரே சிரித்துவிட்டார்.

குழந்தையின் முறை வந்தது. ஞானத்தகப்பனாக யார் நிற்கிறார்கள் என்று போதகர் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்காவும் மேஸ்திரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. மேஸ்திரியின் குரல் கேட்டது: "சாரு நிக்கட்டும் ஐயா. அவருக்குக் காது ரொம்ப கூர்மை. பொண்ணு எங்கனா முனகினாக்கூட கேட்டுக்குவாரு." அக்கா வந்து குழந்தையை என் கையில் வைத்தார். "கெட்டியா புடிங்க தம்பி, துள்ளுவா" என்றார். இப்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். தீமையை விட்டு விலகுகிறாயா என்று குழந்தைக்காக என்னிடம் கேட்ட கேள்விக்கு, பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மத்தியானம் அவர்கள் வீட்டில் பிரியாணி. முதலில் ஜெபம். எல்லாரும் பாயில் உட்கார்ந்தோம். மேஸ்திரி கண்ணை மூடினார், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இனி இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டு, "ஆண்டவரே" என்று வாய்விட்டு ஆரம்பித்தார். கிரேன் வந்தது, அடுப்பாளின் மாமியார் வந்தாள், மோல்டரின் பெண் குழந்தை வந்தது. பிறகு குரலைத் தணித்து, தன்னைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார். வெளியே தெரிந்தால் வேலையும் போகக்கூடிய, மானமும் போகக்கூடிய விஷயம். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தே, நிறுத்தாமல், முழுவதும் சொன்னார். நான் ஆமென் சொன்னேன்.

என் ஞானமகளுக்கு இப்போது ஐம்பது வயது. மேஸ்திரியும் போய்விட்டார், அக்காவும் போய்விட்டார். போன வாரம் அவள் போன் செய்து, "ஞானஸ்நானம் எடுத்த அன்னிக்கி நைனா இன்னாமோ ரகசியமா ஜெபம் பண்ணாராமே, அண்ணன் சொன்னான். அது இன்னா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்ல, அப்ப சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்மா."

அவள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள், கடைசியில் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். அவள் வைத்தபின் வெகுநேரம் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.