மீனா மேசையைத் தட்டினாள்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில், காஞ்சிபுரத்தில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துவந்தேன். பிடித்த பொருளைக் கண்ணில் காட்டி, குழந்தை அதன் பெயரைச் சொன்னதும் கொடுப்பது எங்கள் முறை.

அன்று ஆறு வயது மீனாவிடம் டம்ளரைக் காட்டி, "தண்ணி சொல்லு" என்றேன். அவள் மேசையை இரண்டு முறை தட்டினாள். வெறும் கைப்பழக்கம் என்று நினைத்து அந்தக் கையை அழுத்திப் பிடித்தேன். திமிறினாள், அழுதாள். நான் விடவில்லை.

அழைத்துப்போக வந்த அவள் அம்மா பதறிவிட்டார். "தண்ணிதான் கேட்டுக்கினு இருக்குறா மேடம்! வூட்ல தறி சத்தத்துல பேச்சு கேக்காது. அவங்கப்பா தண்ணி வேணும்னா தறிக்கட்டைய ரெண்டு தட்டு தட்டுவாரு. அதைப் பாத்துக் கத்துக்கினா."

கையை விட்டு டம்ளரைக் கொடுத்தேன். மீனா ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். அவள் மணிக்கட்டில் என் விரல் தடம் சிவந்திருந்தது.

"முன்னாடியே சொல்லாதது எங்க தப்புதான் மேடம்" என்றார் அம்மா. ஆமாம் என்பதுபோல் நான் தலையாட்டினேன்.

மறுநாளிலிருந்து அவள் தட்டியதும் தண்ணீர் கொடுத்து, "தண்ணி" என்று நானே சொல்லிவந்தேன். சில மாதங்களில் அவளும் சொன்னாள். அவள் அம்மா என் கைகளைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.