இரண்டாவது துண்டு

என் மனைவி முட்டை சாப்பிட மாட்டாள். ஆனால் பாலிகஞ்சில் எங்கள் தெருவில் பாதிப் பேருடைய பிறந்தநாள் கேக், முட்டை போட்டு அவள் செய்ததுதான். முதலில் முட்டை இல்லாமல் செய்து பார்த்தாள். கீழ் வீட்டு பௌதி (வங்காளியில் அண்ணி; அண்டை வீட்டுப் பெண்கள் எல்லோரும் இங்கே பௌதிதான்) ஒரு வாய் தின்றுவிட்டு, "நன்றாக இருக்கிறது, ஆனால் இது கேக் இல்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே ஓவன் பின்பக்க பால்கனிக்குப் போயிற்று. கூடவே தனிக் கிண்ணம், தனிக் கரண்டி. கேக் வேலை முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் கால் வைப்பாள். தான் செய்த கேக்கில் ஒரு பொருக்குகூட அவள் வாயில் பட்டதில்லை.

ருசி பார்க்கும் பொறுப்பு என்னுடையது. வங்கி வேலையில் ஊர் ஊராக மாற்றலாகி, கண்ட மெஸ்ஸிலும் சாப்பிட்டவன் நான். எனக்கு முட்டை விலக்கில்லை. இனிப்பு போதுமா, ஏலக்காய் தூக்கலா என்று நான் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கேக் வீட்டை விட்டு வெளியே போகும். வங்கியில் என் பேச்சை இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதில்லை. தெருவில் யாராவது அவள் கேக்கைப் புகழ்ந்தால், "கை அவளுடையது, நாக்கு நம்முடையது" என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்.

போன குளிர்காலத்தில் எங்கள் வட்டாரக் கிளப் ஹாலில் ஒரு ருசி மேளா வைத்தார்கள். அக்கம்பக்கத்து பேக்கரிகளுக்கு ஆளுக்கொரு மேசை. வீட்டில் செய்பவர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் ஒரே ஒரு பண்டம்தான் வைக்கலாம். கரியாஹாட் பக்கம் பேக்கரி வைத்திருக்கும் ஒரு தாதா (ரௌடி இல்லை, இங்கே அண்ணன் என்று அர்த்தம்), வீட்டுக் கேக்குகளில் தனக்குப் பிடித்த ஒன்றைத் தன் கடையில் வைத்து விற்கப் போவதாகச் சொல்லியிருந்தார். கடைக் கண்ணாடிக்குள் தன் கேக் உட்கார வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் அவள் நடை மெதுவாகும், அவ்வளவுதான்.

இந்தச் சமயம் பார்த்து எனக்குச் சளி பிடித்தது. இந்த ஊரில் லேசாகக் காற்றடித்தாலே ஆண்கள் தலையில் மங்கி கேப் ஏறிவிடும். அதைக் கேலி செய்துகொண்டே, வெறுந்தலையோடு, விடியற்காலையில் சாந்த்ராகாச்சி ஏரிக்குப் பறவை பார்க்கப் போனேன். பறவைகள் நன்றாகத்தான் இருந்தன. எனக்குத்தான் மூக்கும் நாக்கும் போய்விட்டன.

மேளா அன்று காலை அவள் இரண்டு கேக்குகளை என் முன்னால் வைத்தாள். ஒன்று கமலா ஆரஞ்சுக் கேக். இன்னொன்று இங்கே நொலேன் குர் என்று சொல்கிற புது ஈச்ச வெல்லத்தில், நம் வீட்டு வழக்கப்படி சுக்கு தட்டிப் போட்டது. இரண்டையும் தின்றேன். இரண்டும் மரத்தூளாக இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு துண்டு வெல்லக் கேக்கையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஒண்ணும் தெரியலைடி" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"சரி, போறது போங்கோ" என்று சொல்லிவிட்டு வெல்லக் கேக்கை டப்பாவில் அடுக்கினாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி, தராசு இல்லாமல் போகிறாளே என்று நிஜமாகவே பயந்தேன்.

ஹாலில் மேசைக்கு மேசை ரம் பால், எக்லேர், மிஷ்டி தோய் என்கிற இனிப்புத் தயிரில் செய்த சீஸ்கேக் என்று பரப்பி வைத்திருந்தார்கள். நான் எல்லாவற்றையும் வாயில் போட்டு, கண்ணை மூடி, "தாருன்!" (பிரமாதம்!) என்று தலையாட்டிக்கொண்டே போனேன். பௌதி மட்டும் என் சிவந்த மூக்கைப் பார்த்துவிட்டு, "அடுத்த மேளாவுக்கு உங்களுக்கு மங்கி கேப் பரிசு" என்றார்.

கடைசியில் பேக்கரி தாதா எங்கள் மேசைக்கு வந்தார். ஒரு துண்டு தின்றார். "சுக்கு அளவு சரியாக இருக்கிறதென்று எப்படித் தெரியும்? நீங்கள் ருசி பார்த்தீர்களா?" என்று வங்காளியில் கேட்டார்.

"இல்லை தாதா. நான் முட்டை தொட மாட்டேன்" என்றாள் அவள், தமிழ் வாடை அடிக்கும் வங்காளியில்.

அவர் முகம் சுருங்கியது. "தான் தின்னாததை ஊருக்குப் போடுவதா?" என்றார். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். நாக்கு என்னுடையது என்று குறுக்கே விழுந்து சொல்லலாமென்றால், அன்றைக்கு அந்த நாக்கே கிடையாது.

அவள் பதறவில்லை. "சாப்பிடுகிறவர்களைப் பார்ப்பேன். தாருன் தாருன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் கேக் சுமார். பேச்சு வாக்கில் கை மறுபடி தட்டுக்கு வந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்கள் கை இப்போது எங்கே இருக்கிறது, தாதா?" என்று கேட்டாள்.

தாதா குனிந்து பார்த்தார். அவர் விரல்களுக்கிடையே இரண்டாவது துண்டு இருந்தது. ஹாலே சிரித்தது. எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் அவர்தான். சிரித்து முடித்து அதையும் வாயில் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை கடைக்கு வரச் சொன்னார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் ஒன்று உறுத்தியது. காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "அப்போ இத்தனை நாள் நான் சொன்ன தீர்ப்பெல்லாம்?"

"நீங்க எல்லாத்தையும்தான் நன்னா இருக்கும்பேள். அதை யார் கேட்டா? உங்க கையைத்தான் பாத்துண்டிருந்தேன்."

அடுக்கடுக்காகக் கட்டிய என் பெருமையெல்லாம் அந்த நடைபாதையில் சரிந்தது. விடவில்லை நான். "இன்னிக்குக் காலைல எனக்குத்தான் ஒண்ணுமே தெரியலையே. எந்தத் தைரியத்துல வெல்லக் கேக்கை எடுத்தே?"

அவள் என் கழுத்து மஃப்ளரை இழுத்துச் சரிசெய்தாள்.

"நாக்குக்குத்தானே ஜலதோஷம்? வெல்லக் கேக்குலதான் ரெண்டாவது துண்டை எடுத்தேள்."