சீட் குழாயில் சிவப்புக் கோடு

சங்கிலி எண்ணெய் வாசனைக்கு நடுவே நகப்பூச்சு வாசனை. திருப்பதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டை மாடி அன்று அப்படித்தான் மணந்தது.

கோமதி அக்கா சைக்கிளின் முன் குந்தி உட்கார்ந்து, சீட்டைத் தாங்கும் குழாயில் சிவப்பாக ஒரு கோடு போட்டாள். அது அவள் உயரம். பிறகு என்னை ஏறி உட்காரச் சொல்லி, சீட்டை உயர்த்தி, கீழே நீலத்தில் இன்னொரு கோடு.

அது நான்.

"காயற வரிக்கும் தொடாதடா நெட்ட."

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை பார்த்தாள். நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் நடக்கும் ட்ரையத்லானில் கலந்துகொள்வது அவள் ஆசை. நீச்சல், சைக்கிள், ஓட்டம், ஒன்றன்பின் ஒன்றாக. ஜெயிக்க அல்ல. முடிக்க. ஆசை எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் இருவருக்குமாக ஒரு சைக்கிள்தான் வாங்க முடியும்.

மெல்லிய டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் உள்ள ரோடு பைக்குக்காகச் சென்னை வரை போனோம். கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்குங்க சைக்கிள்?"

"ரெண்டு பேருக்கும்."

"ஒரு பிரேம் ஒரு ஆளுக்குத்தாங்க செட் ஆகும். மேடத்துக்கு ஸ்மால். தம்பிக்கு லார்ஜ்."

"நடுவுல மீடியம் இருக்குமே. அதக் குடுங்க."

வெளியே வந்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பொங்கலுக்கு நைனா ரெண்டு பேருக்கும் ஒரே அளவுல சட்ட எடுத்தாருமே, அது மாரி. உனுக்கு டைட்டு, எனுக்கு லூசு."

விடிகாலையில் திருமலை அடிவாரத்தில், அலிபிரி பக்கம் போவோம். ஒருவர் மிதிப்பது, ஒருவர் ஓடுவது. மிதிப்பவர் முன்னால் போய் இறங்க வேண்டும். சீட்டை அடுத்தவர் கோட்டுக்கு மாற்ற வேண்டும். ஓடி வரும் ஆள் கண்ணில் படும்வரை நிற்க வேண்டும். பிறகு சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓட்டம். வருபவர் ஏறி மிதித்துக் கடந்து போவார். அவளுடைய சட்டம் இது.

"மூச்சு வாங்கிக்கினு வர ஆளு, வந்து சீட்ட நோண்டிக்கினு நிக்கக் கூடாது. புரிதா?"

அந்தச் சாலையில் அந்த நேரத்தில் ஓடினால் வேண்டுதல் என்றுதான் நினைப்பார்கள். மலையேற வந்த ஒரு தெலுங்கு அம்மா, ஓடிக்கொண்டிருந்த அக்காவை நிறுத்தி, ஷூவைக் காட்டி, "செப்புலு தீசி நடவம்மா" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டுமாம். அக்கா மறுபேச்சில்லாமல் கழற்றினாள். அந்த அம்மா வளைவில் மறையும்வரை, ஷூவைக் கையில் பிடித்தபடி, பக்தியாக நடந்தாள்.

நீச்சல் எங்கள் ஊர் பாலசமுத்திரத்தில். எங்கள் நிலத்துக் கிணறு. வட்டக் கிணறு… இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வருவோம். நைனா மேலே கயிற்றோடு நிற்பார். ஒருமுறை சென்னையில் நீச்சல் குளத்தில் இறங்கியபோது அக்காவால் நேராகப் போக முடியவில்லை. பக்கத்து ஆளின் பாதையில் போய் முட்டிக்கொண்டு எழுந்தாள்.

"கெணறுங்க," என்றாள் அந்த ஆளிடம், மன்னிப்புக் கேட்பது போல.

முதலில் யார் போட்டிக்குப் போவது என்ற பேச்சே எழவில்லை.

"பெரியவ நானு. இந்த வருஷம் நான் போறேன். நீ தண்ணி பாட்டில் தூக்கு. அடுத்த வருஷம் உனுக்கு நான் தூக்குறேன்."

பெயர் கொடுத்தாள். பணம் கட்டினாள்.

போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மழைக்காலக் காய்ச்சல். அவள் கூடத்திலேயே ரத்தம் எடுத்தார்கள். தட்டணுக்கள் குறைகின்றன என்று அவளேதான் படித்துச் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டாள்: "சங்கிலிக்கு எண்ண வுட்டியா?"

விட்டேன் என்றேன்.

அவள் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அது.

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, சுவரோரம் நின்ற சைக்கிளை நைனா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத இன்னா பண்ணப்போற?"

"ஓட்றேன் நைனா."

"ஓட்டு. சும்மா நின்னுக்கினு இருந்தா… பாக்க முடில."

அடுத்த வருடம் நான் போனேன். தண்ணீரில் நானும் இடப்பக்கமே ஒதுங்கினேன். மிதிக்கும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. என் உயரத்தில் சீட் இருக்கும்போது அவளுடைய கோடு வெளியே தெரியும். அவள் உயரத்துக்கு இறக்கினால் என் கோடு பிரேமுக்குள் மறைந்துவிடும்.

சைக்கிள் பகுதி முடிந்தது. ஸ்டாண்டில் மாட்டிவிட்டு எல்லோரும் ஓடினார்கள்.

நான் குனிந்து சீட்டை இறுக்கும் லீவரைத் திறந்தேன். சீட்டை இறக்கினேன். சிவப்புக் கோடு விளிம்பைத் தொடும்வரை. லீவரை மூடினேன். நிமிர்ந்து, வந்த சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆள் கண்ணில் படுகிறதா என்று.

"அண்ணா, சைக்கிள்ல ஏதாவது பிராப்ளமா?" ஏற்பாட்டாளர்களின் பனியன் போட்ட ஒரு பெண்.

"இல்லங்க."

"அப்ப ஓடுங்கண்ணா. டைம் போகுது."

ஓடினேன். முடித்தேன். தண்ணீர் பாட்டிலை யாரோ கையில் கொடுத்தார்கள்.

இப்போது ஸ்ரீசிட்டியில் வேலை. போன மாதம் புது சைக்கிள் வாங்கினேன். இங்கே நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

நன்றாக இருக்கிறது. கடையில் கை நீளம், கால் நீளம் எல்லாம் அளந்து கொடுத்தார்கள். முழங்கால் இடிப்பதில்லை. முதுகு வலிப்பதில்லை. அன்றைக்கு அலிபிரி சாலையில் பாதித் தூரம்தான் மிதிக்கக் கிடைக்கும். இன்று முழுத் தூரமும் என்னுடையது.

இறங்கியதும் பூட்டிவிட்டு நடந்துவிடலாம்…

யாருக்காகவும் சீட்டை இறக்க வேண்டியதில்லை.